விலைக்கு வாங்கின கல்லும் கிணத்தடிக் கல்லும்

லண்டனில் இருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த மச்சாள் ஒருத்தி, எல்லாருக்கும் சொக்லட்டும் சென்றும் கொடுத்து முடித்த பிறகு, எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் ஒரு கல்லை நீட்டினாள். "உனக்கு இதுதான் பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியும்." உள்ளங்கை அளவு, வட்டமான கல். மேலே ஐந்து இதழில் ஒரு பூ. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் மூன்றே மூன்று விசயம்: மணல் டொலர், ஜுராசிக், மடகஸ்கார்.

கல் வடிவுதான். ஆனால் சீட்டில் முதலாவது விசயமே பிழை. ஜுராசிக் காலத்தில் மணல் டொலர் என்று ஒன்று இல்லை. அந்தக் காலம் முடிந்து 14 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகுது. மணல் டொலர்கள் பாறைகளில் தலைகாட்டுவதோ டைனோசர்கள் அழிந்த பிறகு, அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம். மடகஸ்காரில் இருந்து இந்தப் பெயரில் கடைகளுக்கு வருகிற ஜுராசிக் கற்களில் நிறைய, மெபிகுரஸ் என்ற வேறொரு கடல் முள்ளெலி. மணல் டொலருக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். மற்றது அந்த "மடகஸ்கார்". இலங்கையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு பெரிய தீவு அது. அதில் எந்த ஊர், எந்தப் பாறைப் படை, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது, கவிழ்ந்து கிடந்ததா நிமிர்ந்து கிடந்ததா? ஒன்றும் இல்லை. "ஆசியாவில் எடுத்தது" என்று ஒரு பழைய படத்துக்குப் பின்னால் எழுதிவைத்த மாதிரி.

உயிர்ச்சுவடு சேர்ப்பது நல்ல பழக்கம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் எங்கே எடுத்தது என்று தெரியாத உயிர்ச்சுவடு இரண்டாம் தரம் செத்தது. முதலாம் தரம் கடலில் செத்தது. இரண்டாம் தரம் பெட்டிக்குள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பவுண்ஸ் கொடுத்து வாங்கின கல்லைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற எங்களில் பலர், பழைய கடல் ஒன்றின் மேலேயே வீடு கட்டி இருக்கிறோம். அதை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அதுக்கு வருவோம். முதல் இந்த மணல் டொலர் என்றால் என்ன என்று பார்ப்போம்.

கரை ஒதுங்கும் அந்த வெள்ளை வட்டைப் பார்த்து அமெரிக்கர்களுக்குத் தங்கட வெள்ளி டொலர் காசு ஞாபகம் வந்தது. தென்னாபிரிக்காவில் அதைப் பான்சிப் பூவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். எல்லாரும் அதை ஓடு என்று நினைக்கிறார்கள். சிப்பி, சங்கு போல வெளியில் போட்டிருக்கும் வீடு இல்லை அது. தோலுக்கு உள்ளே இருக்கும் வன்கூடு, எங்கட எலும்பு மாதிரி. உயிரோடு இருக்கும்போது அதன்மேல் மெல்லிய தோலும், வெல்வெற் துணியைத் தடவின மாதிரி நெருக்கமாகக் குட்டிக் குட்டி முட்களும் இருக்கும். ஊதா அல்லது மண்ணிறம். செத்துச் சில நாளில் முள் கொட்டிப்போகும், வெயில் வெளுக்க வைக்கும், நாங்கள் பொறுக்கி எடுக்கிறது அதைத்தான்.

இது கடல் முள்ளெலி வகை. நட்சத்திர மீனும் கடலட்டையும் இதே முட்தோலிகள்தான். வடக்கில் இன்றைக்குக் கடலட்டைப் பண்ணையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் இல்லை. ஆனால் அட்டையின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. (உறவைத்தான் கேட்கிறோம், முதலாளியை இல்லை.) அட்டையைக் கீறித் துப்புரவாக்குகிறவர்கள் உள்ளே நீளவாக்கில் ஐந்து தசைப்பட்டிகள் ஓடுவதைக் கண்டிருப்பார்கள். நட்சத்திர மீனில் நாங்கள் வழமையாகப் பார்க்கிறது ஐந்து கை. மணல் டொலரில் ஐந்து இதழ். ஒரே குடும்பத்துக் கணக்கு.

அந்தப் பூ அலங்காரத்துக்கு இல்லை. வில்லை ஒன்றை வைத்துப் பார்த்தால் இதழின் ஓரம் நெடுக ஊசிக்குத்து மாதிரித் துவாரங்கள் சோடி சோடியாகத் தெரியும். அவற்றுக்கு ஊடாக மெல்லிய குழாய்க்கால்கள் வெளியே வந்து தண்ணீரில் இருக்கும் ஒட்சிசனை எடுக்கும். பூ என்று நாங்கள் ரசிக்கிறது அது மூச்சுவிட்ட இடம். வாய் கீழ்ப்பக்கம், நடுவில். அங்கே மரக்கிளை மாதிரிப் பிரிந்து போகும் மெல்லிய தவாளிப்புகள் இருக்கும். ஓரத்தில் இருந்து வாய்க்குச் சாப்பாடு வந்த வாய்க்கால் அவை. பெட்டிக்கு உள்ளே, மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் பிடித்து நிற்கும் தூண்கள். தட்டு வீட்டுக்கு நாங்கள் தூண் போடுகிற அதே நியாயம்தான், மேலே பாரம், பக்கத்தால் அலை. இந்தத் தூண்களால்தான், சாதாரண கடல் முள்ளெலி செத்தவுடன் துண்டு துண்டாகச் சிதறிப் போக, மணல் டொலர் முழுசாக மணலுக்குள் போய் முழுசாகவே கல்லாகிறது.

சிலவற்றில் ஊடறுத்து நீளமான ஓட்டைகள் இருக்கும். எங்கட பக்கத்து மன்னார் வளைகுடாவில் வாழும் எக்கினோடிஸ்கஸ் வகைக்கு இரண்டு. அது என்னத்துக்கு என்று ஆய்வாளர்கள் கனகாலம் வாதாடி இருக்கிறார்கள். தட்டையான பொருளுக்கு மேலால் வேகமாகத் தண்ணீர் ஓடினால் அது எழும்பப் பார்க்கும், சோளகக் காற்றுக்குத் தகரக் கூரை எழும்புற மாதிரி. ஓட்டை இருந்தால் அந்த இழுவை குறையும் என்பது ஒரு விளக்கம். மேலே விழுந்த சாப்பாடு வாய்ப்பக்கம் போகக் குறுக்கு வழி என்பது இன்னொன்று. இரண்டும் சரியாக இருந்தால்தான் என்ன? ஒரு கதவால் காற்றும் வரும், ஆளும் வரும்.

இதை வைத்துக்கொண்டு இல்லாமல் போன ஒரு கடலை எப்படி வாசிக்கலாம்? அதுக்கு எங்களுக்குப் பிடித்த உதாரணம் கலிபோர்னியாவின் கெட்டில்மன் மலைகள். இன்றைக்கு அது கடலைக் காணவே முடியாத வறண்ட இடம். இடையில் மலைத்தொடர். 1928இல் அங்கே எண்ணெய் கிடைத்தது. எண்ணெய்க்காரருக்கு எந்தப் படை எந்தப் படைக்கு மேலே என்று தெரியவேண்டும். அதுக்கு உயிர்ச்சுவடுகள்தான் பக்க எண். அமெரிக்க அரசின் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்துக்காக வுட்ரிங்கும் அவருடைய இரண்டு சகாக்களும் 1940இல் வெளியிட்ட பெரிய அறிக்கை ஒன்று அந்த மலைகளை அடுக்கடுக்காக எழுதி வைத்திருக்குது. அந்த அடுக்குகளில் டென்ட்ராஸ்டர் என்ற மணல் டொலர் கொத்துக் கொத்தாக இருக்குது. பிளியோசீன் காலத்தில், 53 இலட்சம் ஆண்டில் இருந்து 26 இலட்சம் ஆண்டுக்கு முன்னர் வரையான இடைவெளியில், அந்தப் பள்ளத்தாக்குக்குள் பசிபிக் கடல் ஒரு வளைகுடாவாக நுழைந்து கிடந்தது.

ஆனால் "கடல் இருந்தது" என்று சொல்ல ஒரு சிப்பித் துண்டே போதும். டென்ட்ராஸ்டர் அதுக்கு மேலேயும் சொல்லும். அதன் பூ நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்குது. ஏன்? அந்த இனத்தின் இன்றைய ஆள் அலாஸ்காவில் இருந்து மெக்சிக்கோவின் பாஹா கரை வரைக்கும் உயிரோடு இருக்கிறார், போய்ப் பார்க்கலாம். மற்ற மணல் டொலர்கள் மணலுக்குள் படுத்துக் கிடக்க, இது முன்பக்கத்தை மணலில் குத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்கும், அலுமாரியில் தட்டு அடுக்கின மாதிரி. சதுர மீற்றருக்கு நூற்றுக்கணக்கில். நீரோட்டத்தில் வருகிற சின்ன உயிர்களைப் பிடித்துச் சாப்பிடும். கடல் கொந்தளித்தால் படுத்துவிடும். பாதி உடம்பு மணலுக்குள் என்றால் மூச்சுவிடும் பூ வெளியில் இருக்கும் பாதிப் பக்கம் நகரத்தானே வேண்டும். ஆகவே கெட்டில்மன் மலையில் எடுத்த கல்லில் பூ தள்ளி இருந்தால், அந்தக் கடலிலும் நீரோட்டம் இருந்திருக்குது, அதற்குக் குறுக்கே இவை வரிசை கட்டி நின்றிருக்கின்றன என்று யோசிக்க ஒரு வழி திறக்குது. ஒரு பூவின் இடம் மாறினதில் இருந்து ஒரு நீரோட்டம். எங்களுக்கு இது துப்பறியும் கதையை விட மேல்.

இவற்றின் குஞ்சுகளைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் போகமுடியாது. சின்ன வயதில் உடம்பு பாரம் இல்லை, அலை அள்ளிக்கொண்டு போகும். அதனால் மணலில் பாரமான கரிய மணிகளை, காந்தம் இழுக்கும் மக்னடைற் முதலானவற்றை, தெரிந்தெடுத்து விழுங்கி உள்ளே சேர்த்து வைக்கும். முத்துக்குளிக்கப் போனவர்கள் காலில் கல் கட்டி இறங்கின கதை மன்னார்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

கல் கிடந்த விதமும் பேசும். ஒரு படையில் எல்லாம் முழுசாக, முள்கூட ஒட்டினபடி இருந்தால், செத்த பிறகு புதையவில்லை, புதைந்துதான் செத்தன. புயலோ வேறு ஏதோ ஒரே மூச்சில் மணலைக் கொட்டியிருக்குது. உடைந்து விளிம்பு தேய்ந்திருந்தால் அலை உருட்டி விளையாடியிருக்குது. மேலே பார்னக்கிள் ஒட்டியிருந்தால் செத்த பிறகு கடலடியில் சும்மா வெறுமனே கிடந்திருக்கலாம், ஏனென்றால் உயிரோடு இருக்கிறது பெரும்பாலும் தன்மேல் மற்றவற்றைக் குடியேற விடாது. வட்டமாக ஒரு துளை இருந்தால், மணல் டொலரைத் துளைத்து உறிஞ்சிச் சாப்பிடும் சங்கு வகை ஒன்று வந்து போயிருக்கலாம். கொலை, கொலையாளி, ஆயுதம், எல்லாம் கையில். ஆனால் எந்தப் படை, எந்தப் பக்கம் மேலே என்று எழுதிவைத்தவருக்கு மட்டும்தான் இந்த வழக்கு நடக்கும். லண்டன் கல்லை நாங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மினுக்கி மினுக்கி அதன் மேற்பரப்பில் இருந்த சாட்சியத்தையும் துடைத்து வைத்திருந்தார்கள்.

மடகஸ்காரில் வெயிலில் கிண்டி எடுக்கிறவரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவருக்கு அது ஒருநேரச் சோறு. எங்கட கோபம் இடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வடிவை மட்டும் விற்கிற வியாபாரத்தில். அமெரிக்காவில் 2009இல் வந்த சட்டம் இதில் நடைமுறைக்கு ஏற்றதாக எங்களுக்குப் படுகிறது: மத்திய அரசின் பொதுக் காணிகள் பலவற்றில் மணல் டொலர், சிப்பி போல பரவலாகக் கிடைக்கும் முதுகெலும்பில்லாத உயிர்களின் சுவடுகளைச் சொந்தத் தேவைக்குக் கொஞ்சம் எடுக்கலாம், விற்க முடியாது. பிள்ளைகளின் கையைத் தட்டிவிடாமல் கடைக்காரரின் கையை மட்டும் பிடிக்கிற சட்டம்.

எடுக்கும் ஆசை மனிதருக்குப் புதிது இல்லை. இங்கிலாந்தில் டன்ஸ்ரபிள் என்ற இடத்தில் 1887இல் வேர்திங்டன் ஸ்மித் என்பவர் வெண்கலக் காலத்துப் புதைகுழி ஒன்றைத் திறந்தார். ஒரு பெண், அவளோடு ஒரு குழந்தை. அவர்களைச் சுற்றிக் கல்லாகிப்போன கடல் முள்ளெலிகள், ஐந்து கதிர் நட்சத்திரம் போட்டவை. யாரோ பொறுக்கி, சேர்த்து, கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இது இன்றைக்கு எங்களுக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், கற்கள் எங்கே கிடந்தன என்பதை ஸ்மித் எழுதி வைத்ததுதான். வடிவான கற்களை மட்டும் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அந்தத் தாயும் பிள்ளையும் வெறும் எலும்பு.

இனி எங்கட ஊர்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்குது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். அந்தச் சுண்ணக்கல் என்ன என்று கேட்டால்தான் வாய் அடைக்கும். அது மயோசீன் காலத்துக் கடலடி. 2.3 கோடி ஆண்டுக்கு முன்னர் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுக்கு முன்னர் முடிந்த காலம் அது. சிப்பி, சங்கு, பவளம், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓடு கட்டின ஃபோராமினிஃபெரா, கடல் முள்ளெலிகளின் துண்டுகள், எல்லாம் விழுந்து இறுகினது. புத்தளம், மன்னார்ப் பக்கமாகவும் அந்தப் பட்டி நீளுது. நாங்கள் குடிக்கிற நல்ல தண்ணி அந்தக் கல்லின் பொந்துகளில்தான், கீழே இருக்கும் உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டு நிற்குது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணியும் ஆழத்தில் உப்பும் இருப்பதற்குக் காரணம் அதுதான். கீரிமலையில் முழுகுகிறவர்கள் அந்தப் பழைய கடல் வழியாக வந்த ஊற்றில்தான் முழுகுகிறார்கள்.

இவ்வளவு பெரிய புத்தகத்தை நாங்கள் என்ன செய்தோம்? காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கின சீமெந்துத் தொழிற்சாலை போர் வந்து 1990இல் மூடும் வரைக்கும் அதை அரைத்தது. அது தேவைக்கு அரைத்தது, எங்கட வீடுகளும் அதில் இருக்குது, அதைப் பற்றி நியாயம் பேசும் தகுதி எங்களுக்கு இல்லை. இப்போது இரவில் டிப்பரில் போகிற கல்லைப் பற்றித்தான் பேசுகிறோம். கல் போனால் தண்ணி போகும், உவர் ஏறும் என்று ஊரில் பலர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அது சரியான கவலை, முதல் கவலையும் அதுதான். நாங்கள் அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு லோட்டிலும் ஒருவரும் வாசிக்காத பக்கங்கள் போகுது. தெற்கே புத்தளம் அருவக்காலுவில் இருக்கும் மயோசீன் பாறைகள் நாட்டின் முக்கியமான உயிர்ச்சுவட்டு இடங்களில் ஒன்று. அந்த இடத்தின் பெயரைக் கூகுளில் அடித்துப் பாருங்கோ. முதல் வருவது கொழும்பின் குப்பை.

எங்கட நாட்டில் நிலத்தைத் தோண்டுவது என்றால் ஒருவருக்கும் லேசான விசயம் இல்லை. தோண்டினால் விகாரை வரும், இல்லாவிட்டால் லிங்கம் வரும், பிறகு பொலிஸ் வரும். தோண்டினால் மிதிவெடி வரும். தோண்டினால் சிலருக்குத் தங்கட பிள்ளை வரும். அந்தத் தோண்டலுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களுக்கு முன்னால் கடல் முள்ளெலிக் கதை பேசுவது எங்களுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் யோசித்துப் பார்த்தோம். மண்ணுக்குக் கீழே இருப்பது எல்லாம் "யார் முதல் வந்தது" என்ற வழக்குக்கான ஆதாரம் என்று மட்டுமே பழகிப்போன எங்கட தலைமுறைக்கு, அந்த வழக்கில் ஒரு பக்கமும் சாட்சி சொல்லாத ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பது தேவையாக இருக்குது. மயோசீன் கடலில் இருந்த சிப்பிக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது.

அதுக்காக விஞ்ஞானம் வந்தால் இந்தப் பிரச்சினை தானாக ஒதுங்கிவிடும் என்று நாங்கள் நம்பவும் இல்லை. இலங்கையின் உயிர்ச்சுவடுகளைப் பற்றி மிகக் கூடுதலாக உழைத்தவர்களில் ஒருவர் பி. ஈ. பி. தெரணியகல, தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் இருந்து வந்த எலும்புகளில் இந்தத் தீவில் ஒருகாலம் நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் இருந்ததைக் காட்டியவர். 1939இல் இரண்டு பல்லை வைத்து அந்தச் சிங்கத்துக்கு அவர் போட்ட பெயரின் கடைசிச் சொல் "சிங்களேயஸ்". காண்டாமிருகத்துக்கும் நீர்யானைக்கும் அதே சொல். தீவின் பழைய பெயரை நினைத்து வைத்திருக்கலாம், அவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. சிங்கம் செத்த பிறகும் அடையாள அட்டை எடுக்கவேண்டி வந்ததே என்று சிரித்தோம், அவ்வளவுதான். அவருடைய உழைப்பைப் பார்த்தால் பொறாமையாகவும் இருக்குது. வடக்கின் சுண்ணக்கல்லைப் பற்றி அப்படி வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க எங்கட பிள்ளைகளில் ஒருவர் ஏன் போகக்கூடாது? மருத்துவம், பொறியியல் கிடைக்காவிட்டால்தான் மற்றதெல்லாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கும் வரிசையில் புவிச்சரிதவியலுக்கு இடமே இல்லை. பேராதனையில் அதற்கென்று ஒரு துறை இருக்குது என்பதையே உயர்தரம் எழுதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

துறைக்குப் போகும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. பக்கத்து வளவில் கிணறு இறைக்கிறார்கள், மலசலகூடக் குழி வெட்டுகிறார்கள், அத்திவாரம் தோண்டுகிறார்கள் என்றால் கரையில் கல் குவிந்து கிடக்கும். கேட்டுவிட்டு அதைப் பாருங்கோ. நீங்களாக ஒன்றையும் உடைக்கத் தேவையில்லை, எங்கேயும் போய்த் தோண்டவும் தேவையில்லை. மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம், தொல்லியல் திணைக்களப் பலகை நிற்கும் பக்கம் கல் என்ன, தங்கமே கிடந்தாலும் போகவேண்டாம். புதிதாக உடைந்த முகத்தை வெயிலுக்குத் திருப்பிப் பிடியுங்கோ. மங்கலான கல்லுக்குள் ஒரு சின்னத் துண்டு மட்டும் கண்ணாடி மாதிரித் தட்டையாகப் பளிச்சென்று வெட்டினால் நின்று கவனியுங்கோ. முட்தோலிகளின் வன்கூட்டில் ஒவ்வொரு தட்டும் ஒரே கல்சைற்றுப் பளிங்கு போல நடக்கும், அதனால் உடையும்போது இப்படி மினுங்கும். வேறு பளிங்கும் மினுங்கலாம், ஆகவே வடிவத்தையும் பாருங்கோ. நட்சத்திரம் கண்டால் கதிரை எண்ணுங்கோ. ஐந்து என்றால் முட்தோலிப் பக்கம். ஆறு, பன்னிரண்டு என்று போனால் பவளம். நெடுந்தீவின் கல்வேலிகளில் நீங்கள் பார்த்திருக்கும் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள் எல்லாம் பவளம்தான், குடாநாட்டின் அடிக்கல்லை விட வயதில் இளையவை. அவற்றைப் பார்த்துப் படம் எடுக்கலாம். வேலியில் இருந்து கல்லை உருவினால் ஆடு உள்ளே போகும், பிறகு அந்த ஊர்ச் சனத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

எழுதுவதுதான் முக்கியம். ஊர், குறிச்சி, தேதி, கிணறு என்றால் எத்தனை அடி ஆழத்தில் வந்த கல் என்று வெட்டினவர் சொல்வது. வெட்டினவரைக் கட்டாயம் கேளுங்கோ. எங்கட ஊரில் கல்லின் படைகளைப் பற்றி ஆகக் கூடுதலாகத் தெரிந்தவர்கள் கிணறு வெட்டுகிறவர்கள், அவர்களை ஒருவரும் ஒரு புத்தகத்துக்கும் கேட்டதில்லை. "இதுக்குக் கீழ பூக்கல்லு, அதுக்குக் கீழ வயிரக்கல்லு" என்று அவர்கள் சொல்கிற சொல்லை அப்படியே எழுதுங்கோ, திருத்தவேண்டாம். எடுக்கும் முன்னர் கிடந்தபடி ஒரு படம், பக்கத்தில் பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்து. கல்லில் நேரே பேனையால் இலக்கம் போடலாம், சீட்டு தொலையும். அசிற் ஊற்றிக் கழுவுகிற வீடியோக்களைப் பார்த்துச் சுண்ணக்கல்லில் செய்துவிடாதீங்கோ, கல்லும் போகும் சுவடும் போகும். பழைய பல்தூரிகையும் தண்ணியும் காணும்.

கடற்கரையில் உயிரோடு மணல் டொலர் கண்டால், அதாவது முள் இருந்து, கையில் வைக்க மெல்ல அசைந்தால், தண்ணிக்குள் விட்டுவிடுங்கோ. அதன் எதிரி நீங்கள் இல்லை, அடியைச் சுரண்டிக்கொண்டு போகிற இழுவைமடி. 2017இல் இலங்கை அந்த முறையைச் சட்டத்தால் தடை செய்தது; கடலில் அது நின்றதா என்பதை மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் கேளுங்கோ. மணலடியில் படுத்துக் கிடந்து மூச்சுவிடுகிற ஒன்றுக்கு அந்த மடி எப்படி இருக்கும் என்று, அதன் பூ எங்கே இருக்குது என்பது தெரிந்த உங்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்போதைக்கு எங்கட கூட்டத்திடம் பதினொரு கல் இருக்குது, ஒரு பழைய பிஸ்கற் பெட்டிக்குள். ஏழு சிப்பி, மூன்று பவளம், ஒன்றைப் பற்றி இன்னும் இரண்டு கட்சியாக நிற்கிறோம். மணல் டொலர் ஒன்றும் இல்லை. ஆனால் பதினொன்றிலும் ஊர்ப் பெயர் இருக்குது, நான்கில் கிணற்றின் ஆழமும் இருக்குது. மடகஸ்கார்க் கல்லுக்கும் புதுச் சீட்டு எழுதிவிட்டோம்: மணல் டொலர் இல்லை, மெபிகுரஸாக இருக்கலாம், ஊர் தெரியாது, லண்டன் மச்சாள் தந்தது. பெட்டிக்குள் இன்னும் இடம் கிடக்கு. உங்கட வளவில் கிணறு தோண்டினால் சொல்லுங்கோ, சைக்கிளில் வந்து பார்ப்போம்.